பிட் தேட அசெம்பிளி எதற்கு? கம்பைலர் பில்டினுக்கு மாறும் வழி

சின்ன கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்று சி மொழியில் எழுதிப் பழகுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வேலையை, அதாவது டாஸ்க்கை, தேர்ந்தெடுக்கும் ஷெட்யூலரில் 64 முன்னுரிமை நிலைகள், நிலைக்கு ஒரு பிட். ஒரு நிலையில் ஓடத் தயாராக டாஸ்க் இருந்தால் அதற்கான பிட் 1. அடுத்து எதை ஓட்டுவது என்று முடிவெடுக்க, அந்த 64 பிட் எண்ணில் வலக்கோடியிலிருந்து பார்த்தால் முதல் 1 எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். எண் 40 என்றால் இரும வடிவம் 101000. பிட் 3, பிட் 5 இரண்டும் 1. ஆகவே விடை 3.

எக்ஸ்86-இல், அதாவது இன்டெல், ஏ.எம்.டி பிராசஸர்களில், இதற்கு பி.எஸ்.எஃப் என்ற கட்டளை உண்டு. அதை இன்லைன் அசெம்பிளியில் (சி நிரலுக்குள்ளேயே எழுதும் பிராசஸர் கட்டளை) ஒரே வரியில் எழுதிவிடலாம், வேலையும் செய்யும். ஆனால் அந்த வரிக்குள் என்ன நடக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. அதற்கு அது வெறும் எழுத்துச் சரம். எண் 40 என்று கம்பைல் செய்யும்போதே தெரிந்திருந்தாலும், 3 என்று நேரடியாகப் போட்டுவிட அதனால் முடியாது. வழக்கமாகப் பலர் சேர்த்துவிடும் ‘வாலடைல்’ இருந்தால், விடையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அந்தக் கட்டளையை நீக்காது. அதே கெர்னலை வேறு வகை பிராசஸரான ஆர்ம் உள்ள பலகைக்குக் கொண்டுபோனால் அந்த வரி கம்பைலே ஆகாது. மைக்ரோசாஃப்டின் கம்பைலரோ 64 பிட் எக்ஸ்86-இல் இன்லைன் அசெம்பிளியை ஏற்பதே இல்லை.

சரி, அந்த வரியை பில்டினுக்கு, அதாவது கம்பைலரே பொருள் அறிந்து வைத்திருக்கும் ஃபங்ஷனுக்கு, மாற்றிவிடலாம்.

படி 1: சரியான அகலத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஜி.சி.சி, கிளாங் ஆகிய இரண்டு கம்பைலர்களிலும் இந்த வேலைக்கு இருப்பது, வலப்பக்கப் பூஜ்ஜியங்களை எண்ணும் பில்டின் சி.டி.இசட் (பெயருக்கு முன்னால் இரண்டு அடிக்கோடு வரும்). வெறும் சி.டி.இசட் 32 பிட் எண்ணுக்கு. கடைசியில் ஓர் எல் சேர்த்தால் ‘லாங்’. அதன் அகலம் 64 பிட் லினக்ஸில் 64, விண்டோஸில் 32. இரண்டு எல் சேர்த்தால் எங்கும் 64. நம் ஷெட்யூலருக்கு இரண்டு எல் உள்ளதுதான் வேண்டும். வெறும் சி.டி.இசட்டுக்கு 64 பிட் எண்ணைக் கொடுத்தால் மேல்பாதி வெட்டுப்படும். வழக்கமான எச்சரிக்கை அமைப்பில் கம்பைலர் வாயே திறக்காது. பிட் 40 மட்டும் 1 என்றால் உள்ளே போவது பூஜ்ஜியம். அதனால்தான் அடுத்த படியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

படி 2: பூஜ்ஜியத்தை அழைப்புக்கு முன்பே பாருங்கள்

பூஜ்ஜியம் கொடுத்தால் சி.டி.இசட்டின் விடை வரையறுக்கப்படவில்லை. “64 வந்தால் காலி என்று எடுத்துக்கொள்ளலாமே” என்று அழைப்புக்குப் பின்னால் சோதனை வைக்கத் தோன்றும். அது ஆபத்து. விடை 0 முதல் 63-க்குள்தான் இருக்கும் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ள உரிமை உண்டு. அப்படி எடுத்துக்கொண்டால், 64-ஆ என்று கேட்கும் உங்கள் சோதனையை நடக்கவே நடக்காதது என்று நீக்கிவிடும். எனவே எண் பூஜ்ஜியமா என்று முதலில் கேளுங்கள். ஆம் என்றால் 64, இல்லை என்றால் பில்டின். இரண்டு வேலையாகத் தெரியும், ஆனால் இதே எண்ணிக்கையைத் தரும் டி.இசட்.கவுன்ட் கட்டளை உள்ள பிராசஸருக்கு, அதாவது இன்டெலில் 2013-இல் வந்த ஹாஸ்வெல் முதல், கம்பைல் செய்யும்படி சொன்னால் இது முழுவதும் ஒரே கட்டளையாகச் சுருங்கும். அந்தக் கட்டளை பூஜ்ஜியத்துக்கு அகலத்தையே விடையாகத் தரும் என்பது கம்பைலருக்குத் தெரியும்.

படி 3: ஒரு சிறிய ஃபங்ஷனுக்குள் வையுங்கள்

பில்டினை நூறு இடத்தில் நேரடியாக அழைக்காதீர்கள். ஹெடர் ஃபைலில் ஒரு ஸ்டாட்டிக் இன்லைன் ஃபங்ஷன் போதும். நாளை சி மொழியின் புதிய தர வரையறையான சி23-க்குப் போனால் அதன் பிட் ஹெடரில் இதே வேலைக்கான ஃபங்ஷன் இருக்கிறது, பூஜ்ஜியத்துக்கும் வரையறை உண்டு. அன்று மாற்ற வேண்டியது ஓரிடம்தான்.

படி 4: வெளிவரும் அசெம்பிளியைப் படியுங்கள்

ஓ2 என்ற வேகப்படுத்தும் நிலையில் கம்பைல் செய்து, ஆப்ஜ்டம்ப் என்ற கருவி கொண்டு அசெம்பிளியாகப் பிரித்துப் பாருங்கள். இந்தப் படியைத் தாண்டாதீர்கள். பில்டின் மேல் நம்பிக்கை வருவது இங்கேதான். ஜி.சி.சி பெரும்பாலும் ‘ரெப் பி.எஸ்.எஃப்’ என்ற விசித்திரமான ஒன்றை எழுதியிருக்கும். டி.இசட்.கவுன்ட்டின் பைட்டுகளும் அவையேதான். புது பிராசஸர் அதை டி.இசட்.கவுன்ட் என்று படிக்கும். பழையது முன்னொட்டைப் புறக்கணித்து பி.எஸ்.எஃப்பாக ஓட்டும். பூஜ்ஜியம் அல்லாத எண்ணுக்கு இரண்டின் விடையும் ஒன்று.

இடப்பக்கப் பூஜ்ஜியங்களை எண்ணும் எல்.இசட்.கவுன்ட்டில் இந்தச் சலுகை கிடையாது. பழைய பிராசஸர் அதை, இடக்கோடியிலிருந்து முதல் 1 இருக்கும் பிட்டின் எண்ணைத் தரும் பி.எஸ்.ஆர் என்று ஓட்டும். 32 பிட்டில் எண் 1 என்றால் எல்.இசட்.கவுன்ட் 31 தரும், பி.எஸ்.ஆர் 0 தரும். பிழைச் செய்தி வராது, தவறான விடை மட்டும் வரும். ஆகவே உங்கள் கணினியில் உள்ள எல்லா வசதிகளையும் இயக்கும் ‘நேட்டிவ்’ ஆப்ஷனில் கம்பைல் செய்த கெர்னலைப் பழைய கணினிக்குக் கொடுக்காதீர்கள்.

படி 5: லிங்க் பிழை வந்தால்

பிராசஸரில் நேரடிக் கட்டளை இல்லாவிட்டால் கம்பைலர் தன் துணை லைப்ரரியான லிப்ஜி.சி.சி-யில் உள்ள ஒரு ஃபங்ஷனை அழைக்கக்கூடும். பிட் கட்டளைகளைச் சேர்க்கும் இசட்.பி.பி நீட்சி இல்லாத ரிஸ்க்-வி பிராசஸர் இதற்கு நல்ல உதாரணம். ஸ்டாண்டர்ட் லைப்ரரி வேண்டாம் என்று சொல்லி லிங்க் செய்யும் கெர்னலில் லிப்ஜி.சி.சி-யும் சேர்ந்தே விடுபட்டுப்போகும். லிங்கர், ஃபங்ஷன் கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். லிங்க் வரியின் கடைசியில் லிப்ஜி.சி.சி-யைக் கையால் சேர்த்தால் சரியாகிவிடும்.

இதே வழியில் பைட் வரிசையைத் திருப்புவதையும், கூட்டலில் ஓவர்ஃப்ளோ பார்ப்பதையும் மாற்றலாம். அப்புறம் அட்டாமிக் கூட்டல் (இடையில் வேறு கோர் குறுக்கிட முடியாத கூட்டல்): ஜி.சி.சி 4.7 முதல் அதற்கான பில்டின்கள் இருக்கின்றன. மெமரி ஆர்டர் (மெமரியில் படிப்பதும் எழுதுவதும் எந்த வரிசையில் தெரிய வேண்டும் என்ற விதி) கேட்கும் இடத்தில், ஆரம்பத்தில் மிகக் கண்டிப்பானதையே கொடுங்கள். தளர்த்துவதை அளந்து பார்த்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. லினக்ஸ் கெர்னலின் எக்ஸ்86 பிட் தேடலிலேயே, எண் கம்பைல் நேரத்தில் தெரிந்தால் பில்டின், தெரியாவிட்டால் அசெம்பிளி என்று இரண்டும் கலந்தே இருக்கின்றன. சி.ஆர்3 ரிஜிஸ்டரில் பேஜ் டேபிள் முகவரியை எழுதுவது, மெமரிப் பகுதிகளை விவரிக்கும் அட்டவணையான ஜி.டி.டி-யை ஏற்றுவது, ஒரு டாஸ்க்கின் ஸ்டாக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது போன்றவற்றை அசெம்பிளியாகவே விட்டுவிடுங்கள். ஸ்டாக் மாற்றும் பகுதியைத் தனி அசெம்பிளி ஃபைலில் வைத்தால், எந்த ரிஜிஸ்டரைச் சேமித்தீர்கள் என்று படிப்பவருக்கும் எளிதாகத் தெரியும்.