எல்எஸ் ஸ்வாப்: பாகங்கள் வாங்குவதில் நடக்கும் தவறுகள்

செவெல், நோவா, கேமரோ, சி10 பிக்கப் என்று 1960, 70களில் வந்த செவர்லே வண்டிகளில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 இன்ஜினை ஏற்றுவது, அதாவது எல்எஸ் ஸ்வாப், அமெரிக்காவில் இப்போது ரொம்பச் சாதாரணம். 1997இல் கார்வெட்டில் எல்எஸ்1 என்ற பெயரில், 5.7 லிட்டர், 345 குதிரைத்திறனோடு வந்த இன்ஜின் குடும்பம் இது. 1999 முதல் இதே குடும்பத்தின் 4.8, 5.3, 6.0 லிட்டர் இன்ஜின்கள் சில்வராடோ, டாஹோ வண்டிகளில் லட்சக்கணக்கில் போயின. அந்த வண்டிகள் இன்று காயலான் கடைக்கு வருகின்றன. இன்ஜின் சல்லிசாகக் கிடைக்கிறது.

பணத்தைத் தின்பது இன்ஜினைச் சுற்றி வாங்கும் சாமான்கள்தான். மவுண்ட் (இன்ஜினைத் தாங்கும் பிடி), ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி), ஹெடர் (புகை வெளியேறும் குழாய்கள்), பெட்ரோல் பம்ப், ஒயரிங் ஹார்னஸ் (ஒயர் கட்டு) என்று ஒவ்வொன்றையும் பல கம்பெனிகள் போடுகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் பெரும்பாலானவை நல்ல சரக்கு. ஒன்றுக்கு ஒன்று ஒத்துப்போகுமா என்று பார்க்காமல், தள்ளுபடி வந்த நாளில் ஒன்று, சம்பளம் வந்த நாளில் ஒன்று என்று வாங்கிக் குவிப்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வாங்கும் வரிசை தவறினால், நல்ல பாகமும் அலமாரியில்தான் கிடக்கும்.

மவுண்ட், சம்ப், ஹெடர்: மூன்றையும் சேர்த்து முடிவு செய்யுங்கள்

இந்த வண்டிகளின் பழைய ஸ்மால் பிளாக் வி8 இன்ஜினின் மவுண்டில் பக்கத்துக்கு 3 போல்ட். எல்எஸ்ஸில் பக்கத்துக்கு 4. அதனால் நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் வேண்டும். இந்தப் பிளேட்டை வாங்கும்போது பலர் விலையை மட்டும் பார்க்கிறார்கள். ஆனால் இன்ஜின் எங்கே உட்காரப்போகிறது என்பதை முடிவு செய்வதே அதுதான். சில பிளேட்டுகள் இன்ஜினைப் பழைய இடத்திலேயே வைக்கும், சில ஓர் அங்குலம் முன்னால் தள்ளும், சில பின்னால் இழுக்கும். முன்னால் போனால் ரேடியேட்டர் ஃபேனுக்கு இடம் போதாது, சம்ப் கிராஸ்மெம்பரில் (ஃபிரேமின் குறுக்குச் சட்டம்) இடிக்கும். பின்னால் போனால் சிலிண்டர் ஹெட் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகடு) நெருங்கும், கியர்பாக்ஸ் தாங்கியையும் நகர்த்த வேண்டிவரும்.

ஹெடர் செய்கிறவர் ஏதோ ஒரு மவுண்டை வைத்து, ஸ்டியரிங் பாக்ஸுக்கும் செல்ஃப் மோட்டாருக்கும் இடம் விட்டு, குழாயை வளைத்திருப்பார். மவுண்ட் ஒரு கம்பெனி, சம்ப் இன்னொன்று, ஹெடர் மூன்றாவது என்று எடுத்தால், மூன்று பெட்டியிலும் ‘1968-72 செவெலுக்குப் பொருந்தும்’ என்றுதான் அச்சடித்திருக்கும். மூன்றும் உண்மையாகவும் இருக்கலாம். சேர்த்து மாட்டினால் முதல் பைப் ஸ்டியரிங் ஷாஃப்டில் உரசும். ஹெடரின் பொருத்தும் குறிப்புத்தாளில் எந்த மவுண்டோடும் எந்தச் சம்போடும் சரிபார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் நான் அதை வாங்கமாட்டேன். மூன்றையும் ஒரே கம்பெனியின் செட்டாக வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும், ஆனால் ஹெடரை இரண்டு முறை வாங்குவதைவிட அது குறைவு.

சம்ப் விஷயத்தில் இன்னும் ஒன்று. பிக்கப்பிலிருந்து எடுத்த இன்ஜினின் சம்ப் ஆழமானது. காரில் போட்டால் கிராஸ்மெம்பருக்குக் கீழே தொங்கும், முதல் வேகத்தடையிலேயே அலுமினியம் பிளந்துவிடும். அதனால்தான் ஸ்வாப்புக்கென்றே ஆழம் குறைந்த சம்ப்கள் விற்கிறார்கள். வாங்கினவர்கள் இன்ஜினை இறக்கி, நேராக நிற்கும் சக்கரத்தோடு பார்த்துவிட்டு ‘சரி, இடிக்கவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் கம்பியான டிராக் லிங்க் சம்பைத் தொடுவது பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.

சம்பை மாற்றினால் அதற்குள் எண்ணெயை உறிஞ்சும் பிக்கப் டியூபையும் மாற்ற வேண்டும். அந்த டியூப் ஆயில் பம்புக்குள் நுழையும் இடத்தில் ஒரு ஓ-ரிங் உண்டு. பம்பின் மாடலுக்கும் டியூபுக்கும் ஏற்றபடி அதன் தடிமன் மாறும். தவறானதைப் போட்டாலோ, மாட்டும்போது அது நசுங்கினாலோ, பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். குளிர்ந்த இன்ஜினில் பிரஷர் நன்றாகக் காட்டும். சூடானதும் முள் இறங்கும், வால்வைத் தூக்கும் லிஃப்டர்கள் தட்டும். பேரிங் போய்விட்டது என்று நினைத்து இன்ஜினையே பிரிக்கிறவர்கள் உண்டு. அப்புறம் டியூபின் வாய்க்கும் சம்பின் தரைக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி. கொஞ்சம் மாடலிங் களிமண்ணை வாயில் ஒட்டி, சம்பைக் காஸ்கெட்டோடு வைத்து அழுத்தி எடுத்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்தால் போதும். ஏறக்குறைய 6 முதல் 10 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது.

கியர்பாக்ஸ் பொருந்துவதுபோலத் தெரியும்

பழைய டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை வைத்துக்கொண்டே இன்ஜினை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் நிறைய. பெல்ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் கூடு) துளைகள் ஏறக்குறைய எல்லாம் சேர்ந்துவிடும். போல்ட் ஏறியதும் வேலை முடிந்தது என்ற நினைப்பு வரும். எல்எஸ் கிராங்கின் பின்முகம் பழைய இன்ஜினைவிட சுமார் 0.4 அங்குலம், அதாவது 10 மில்லிமீட்டர், உள்ளே தள்ளி இருக்கிறது. இன்ஜின் சுழற்சியை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரின் மூக்கு கிராங்கின் குழிக்குள் போய் உட்கார வேண்டும், அது எட்டாது. போல்ட்டை முறுக்கி இழுத்து மாட்டினால் கிராங்கையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் ஃப்ளெக்ஸ்பிளேட் வளையும், ஓடும்போது மையம் விலகும், கொஞ்ச நாளில் விரிசல் விடும். இதற்கு ஸ்பேசர், தட்டையான ஃப்ளெக்ஸ்பிளேட், நீளமான போல்ட் மூன்றும் ஒரே கிட்டாகக் கிடைக்கின்றன. ஆனால் 1999, 2000ஆம் ஆண்டு 6.0 லிட்டர் இன்ஜின்கள் சிலவற்றில் கிராங்க் பழைய நீளத்திலேயே இருக்கும். அவற்றுக்கு ஸ்பேசர் தேவையில்லை. ஆர்டர் போடுவதற்கு முன் அளந்துவிடுங்கள்.

மேனுவல் கியர்பாக்ஸ் போடுகிறவர்கள் கடையில் வாங்கிய பெல்ஹவுசிங்கை டயல் கேஜ் வைத்து மையம் பார்க்காமல் மாட்டக்கூடாது. 0.005 அங்குலத்துக்கு மேல் விலகினால் ஆஃப்செட் டவல் பின் போட்டுச் சரிசெய்ய வேண்டும். சலிப்பான வேலைதான். விட்டால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் போகும்.

முன்பக்க பெல்ட்

கார்வெட், கேமரோ, பிக்கப் என்று பெல்ட் ஓடும் தளம் மூன்று வகை. கார்வெட்டில் இன்ஜினை ஒட்டி ஓடும், கேமரோவில் சுமார் முக்கால் அங்குலம் முன்னால், பிக்கப்பில் ஒன்றரை அங்குலம் முன்னால். கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப், பிராக்கெட் மூன்றும் ஒரே வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கலந்து மாட்டினால் பெல்ட் கழன்று விழும். பிக்கப் செட்டில் ஏசி கம்ப்ரெசர் தாழ்வாக இருப்பதால் பல கார்களில் ஃபிரேமில் இடிக்கும். பிக்கப்பின் இன்டேக் மேனிஃபோல்டும் உயரம், பானெட் மூடாது.

பெட்ரோல் லைனில் சிக்கனம் வேண்டாம்

கார்புரேட்டர் வண்டியின் மெக்கானிக்கல் பம்ப் தருவது 5 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம். எல்எஸ் இன்ஜெக்‌ஷனுக்கு 58 பிஎஸ்ஐ வேண்டும். பம்பை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரப்பர் ஹோஸையும் சாதாரண ஹோஸ் கிளிப்பையும் அப்படியே விடுவது இந்த வேலையிலேயே மிக ஆபத்தான தவறு. ஹோஸின் மேல் 30ஆர்7 என்று அச்சிட்டிருந்தால் அது கார்புரேட்டர் வண்டிக்கானது, 50 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும். 30ஆர்9 என்றிருப்பதே இன்ஜெக்‌ஷனுக்கு உரியது. இரண்டும் கறுப்பாக, ஒரே பருமனில், கடையில் ஒரே கொக்கியில் தொங்கும். சூடான ஹெடருக்குப் பக்கத்தில் அழுத்தத்தோடு பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

1999-2003 கார்வெட்டின் பெட்ரோல் ஃபில்டருக்குள்ளேயே 58 பிஎஸ்ஐ ரெகுலேட்டர் இருக்கிறது. தனி ரெகுலேட்டர் வாங்காமல் இதை டேங்குக்குப் பக்கத்தில் வைத்து, அங்கிருந்தே ரிட்டர்ன் லைனைத் திருப்பிவிடலாம். முன்பக்கம்வரை ஒரே ஒரு லைன் போனால் போதும். இது நல்ல வழி.

பம்பை டேங்குக்கு வெளியே ஃபிரேமில் மாட்டுவது மலிவு. ஆனால் இந்தப் பம்புகள் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் மோசம். டேங்கைவிட உயரத்தில் வைத்தால் சூடாகி, சத்தம் போட்டு, சீக்கிரம் போய்விடும். பழைய டேங்கில் தடுப்புத் தகடும் கிடையாது. கால் டேங்க் பெட்ரோலோடு வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கும், இன்ஜின் திக்கும். பிரபலமான மாடல்களுக்குப் பம்போடும் தடுப்போடும் புது டேங்க் கிடைக்கிறது. எங்காவது கை தாராளமாகச் செலவழிக்கலாம் என்றால் நான் இங்கேதான் செலவழிப்பேன்.

ஒயரிங்

ஹார்னஸையும் கம்ப்யூட்டரையும் இன்ஜின் கைக்கு வரும் முன்பே வாங்கிவைப்பது பெரிய தவறு. கிராங்கில் இருக்கும், சென்சார் படிக்கும் பல் சக்கரமான ரிலக்டர் பழைய தலைமுறை எல்எஸ்ஸில் 24 பல் கணக்கு, பிந்தியதில் 58. ஒன்றுக்கான கம்ப்யூட்டர் மற்றதைப் படிக்காது. பிளாக்கின் ஓரத்தில் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். கறுப்பு என்றால் பெரும்பாலும் 24, சாம்பல் நிறம் என்றால் 58. கேம் சென்சார் பிளாக்கின் பின்புறம் இருந்தால் பழையது, முன்புற டைமிங் கவரில் இருந்தால் புதியது. எலெக்ட்ரானிக் ஆக்சிலேட்டர் வண்டியிலிருந்து எடுத்தால் பெடல், த்ராட்டில் பாடி, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரவேண்டும். பெடலை மட்டும் விட்டுவிட்டு இன்ஜினைத் தூக்கி வந்துவிட்டு, அப்புறம் தேடி அலைவது அடிக்கடி நடக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஓரிரு நொடியில் அணைந்தால், கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பு இன்னும் அணைக்கப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

புது ஹார்னஸ் போட்டும் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இளஞ்சிவப்பு கீ ஒயரை எங்கே இணைத்தீர்கள்? பழைய வண்டியின் இக்னிஷன் சுவிட்சில் ரேடியோ, ஹீட்டருக்குப் போகும் லைன், சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பும் நேரத்தில் அறுந்துவிடும். அதில் கம்ப்யூட்டரை இணைத்தால் செல்ஃப் சுற்றும் நேரம் முழுக்க அதற்குக் கரண்டே இல்லை. டெஸ்டரில் சாவி ‘ஆன்’ நிலையில் 12 வோல்ட் காட்டும், அதனால் சந்தேகமே வராது. இன்னொருவரை சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, செல்ஃப் சுற்றும்போதே அளக்க வேண்டும்.

எர்த் ஒயரும் அப்படித்தான். பெயின்ட் அடித்த ஃபிரேமில் போல்ட் போட்டால் எர்த் கிடைக்காது. இன்ஜின் பிளாக், ஃபிரேம், பாடி மூன்றையும் தடித்த ஒயரால் இணையுங்கள், பெயின்டைச் சுரண்டிவிட்டு. பழைய மீட்டருக்கான டெம்பரேச்சர் சென்டரின் (வெப்பத்தை அளந்து மீட்டருக்கு அனுப்பும் சென்சார்) மரை எல்எஸ் ஹெட்டில் ஏறாது, அங்கே 12 மில்லிமீட்டர் மரை. அடாப்டர் போடும்போது டெஃப்லான் டேப்பைச் சுற்றித் தள்ளினால், மரை வழியாகத்தான் எர்த் எடுக்கும் ஒற்றை ஒயர் சென்டர் சரியாகக் காட்டாது.

ஹெட்டின் மேலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் மெல்லிய நீராவிக் குழாயை ‘அசிங்கமாக இருக்கிறது’ என்று அடைத்துவிடாதீர்கள். ஹெட்டில் சேரும் காற்றுக்கும் நீராவிக்கும் வேறு வழி இல்லை.

சட்டம்

கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976 அல்லது அதற்குப் பிந்தைய காரில் இன்ஜின் மாற்றினால், போடும் இன்ஜின் காரின் வயதுடையதாகவோ புதியதாகவோ இருக்கவேண்டும், அதற்குரிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முதலான எல்லாப் புகைக் கட்டுப்பாட்டுச் சாமானும் கூடவே வரவேண்டும், அரசின் ரெஃபரி நிலையத்தில் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். மாநில காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத ஹெடரும் இன்டேக்கும் அங்கே தேறாது. இதையெல்லாம் சேர்த்தே ஜெனரல் மோட்டார்ஸ் இ-ராட் என்ற பெயரில் அனுமதி பெற்ற செட்டை விற்றது.

வீடியோ பார்த்துவிட்டு ஊரில் அம்பாசடருக்கோ கான்டெசாவுக்கோ இதையே செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அடிப்படை அம்சங்கள் ஆர்சி புத்தகத்தில் உள்ளதிலிருந்து மாறும்படி மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பிறகு பாகம் பாருங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்

இதைக் கடைசியில்தான் ஆர்டர் செய்ய வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் இறுதி மவுண்டில் முறுக்கப்பட்டு, வண்டி நான்கு சக்கரத்திலும் தன் எடையோடு நிற்கும்போது அளவெடுங்கள். ஜாக்கியில் தூக்கி, பின் ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளந்தால் நீளமும் தவறும், கோணமும் தவறும். கியர்பாக்ஸ் வெளிவரும் கோணமும் டிஃபரன்ஷியலின் கோணமும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் 100 கிலோமீட்டர் வேகத்தில் தரை அதிரும். அதற்கு ஷாஃப்டை மறுபடி பேலன்ஸ் செய்து பலனில்லை. கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்துக் கோணத்தைத் திருத்துங்கள்.