குடிநீர்த் தொட்டியில் தண்ணீரைச் சோதிப்பது எப்படி?

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் வெளியேறும் குழாயில் மட்டும் மாதிரி பிடிப்பார்கள். அதில் குளோரின் குறைந்திருந்தால், கோளாறு தொட்டியிலா, தண்ணீர் வந்த வழியிலா? தெரியாது. தொட்டிக்குள் வரும் நீர், வெளியே போகும் நீர், இரண்டையும் ஒரே நாளில் சோதியுங்கள்.

படி 1: முதலில் கண்ணால் பாருங்கள். மூடி பொருந்துகிறதா? காற்றுக்குழாயின் வலை கிழிந்திருக்கிறதா? பறவை எச்சம் விழ வழியிருந்தால் சோதனையெல்லாம் அப்புறம், முதலில் ஓட்டையை அடைத்துவிடுங்கள். தொட்டிக்குள் தனியாக இறங்கவே கூடாது.

படி 2: குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். தேங்கிக் கிடந்த நீர் போய்விடும்.

படி 3: குளோரினை அங்கேயே அளந்துவிடுங்கள், எடுத்துப்போவதற்குள் குறைந்துவிடும். குளோரின் இருந்தால், அதைக் காட்டும் டிபிடி மாத்திரையைப் போட்டதும் நீர் இளஞ்சிவப்பாகும். ஒரு நிமிடத்துக்குள் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். நிறம் தோன்றி உடனே மறைந்தால் குளோரின் இல்லை என்று எழுதிவிடாதீர்கள்: அளவுக்கு மீறி இருந்தாலும் நிறம் வெளுத்துப்போகும். காய்ச்சி வடித்த நீரில் கலந்து மறுபடி பாருங்கள். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போகும் வழியிலும் குறையும் என்பதால் தொட்டியில் அதற்கு மேலேயே இருக்கட்டும்.

படி 4: கலங்கலையும் பிஎச் அளவையும் (அமில-காரத் தன்மை) குறியுங்கள். கலங்கல் 1 என்டியுவுக்கு (கலங்கலை அளக்கும் அலகு) கீழே இருப்பது நல்லது. பிஎச் 8-ஐத் தாண்டினால் குளோரினின் வீரியம் குறையும்.

படி 5: கிருமிச் சோதனைக்கு, குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்ட கிருமிநீக்கிய பாட்டில் வேண்டும். அதைக் கழுவாதீர்கள், மருந்து போய்விடும். அது இல்லாவிட்டால் போகிற வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிடும். ஆய்வகம் ‘நல்ல தண்ணீர்’ என்று சொல்லிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். 100 மில்லியில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்று கூட இருக்கக் கூடாது.

சரி, உள்ளே வரும் நீரில் குளோரின் 0.6, வெளியே போகும் நீரில் 0.2 என்று வந்தால்? தொட்டிதான் குளோரினைத் தின்கிறது. அடியில் வண்டல் சேர்ந்திருக்கலாம், அல்லது தண்ணீர் நாள்கணக்கில் தேங்கியிருக்கலாம். ஒரு லட்சம் லிட்டர் தொட்டியில் தினமும் 20,000 லிட்டர்தான் செலவாகிறது என்றால், சராசரியாக ஐந்து நாள் பழைய தண்ணீர் அது. நீர்மட்டத்தைக் குறைத்து வைத்து, ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் மறுபடி அளந்து பாருங்கள். வித்தியாசம் குறையவில்லையென்றால் தொட்டியைக் கழுவ நாள் குறிக்க வேண்டியதுதான்.