ஃபைபர் படகு அவுட்போர்டு: புரொப்பெல்லர் விஷயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

அவுட்போர்டு, அதாவது பின்பலகையில் மாட்டும் எஞ்சின், உள்ள படகு மெதுவாகப் போகிறதென்றால் "பிட்ச் கூட்டிப் போடு" என்பதுதான் கரையில் கிடைக்கும் முதல் யோசனை. பெரும்பாலும் அதுவே முதல் தவறு.

எஞ்சினின் அடியில் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறிதான் புரொப்பெல்லர். அதன் நடுக் குடத்தில் 9¼ × 9 என்பது போல இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். துளியும் வழுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் எவ்வளவு தூரம் முன்னேறும் என்பதே பிட்ச். பைக்கின் கியர் மாதிரிதான். சரக்கு ஏற்றிய வண்டியை நாலாவது கியரில் மேடு ஏற்றினால் எஞ்சின் திணறும், வேகமும் கிடைக்காது. வலை, ஐஸ், நான்கு ஆட்களோடு போகும் வல்லத்துக்குப் பெரிய பிட்ச் போட்டாலும் அதே கதைதான்.

புரொப்பெல்லர் பொருந்துகிறதா என்பதைச் சொல்வது வேகமல்ல, திராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) முழுதும் திறந்தபோது எஞ்சின் எட்டும் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. மீன்பிடிப் படகுகளில் ஓடும் பல இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு 4,500–5,500, நான்கு ஸ்ட்ரோக்குக்குப் பெரும்பாலும் 5,000–6,000 என்று கையேட்டில் வரம்பு கொடுத்திருப்பார்கள். உங்கள் எஞ்சினின் வரம்பைக் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வரம்பின் அடியைக்கூடத் தொடவில்லையென்றால் பிட்ச் அதிகம். அப்படியே ஓட்டினால் எரிபொருள் சரியாக எரியாது, கரி படியும், பிஸ்டன் சூடேறும். அந்த எஞ்சின் பட்டென்று நிற்காது, ஒரு சீசனில் தேய்ந்துபோகும். மாறாக, மேல் எல்லையைத் தாண்டிக் கத்தினால் பிட்ச் குறைவு. வேகக் கட்டுப்பாடு இல்லாத பழைய இரண்டு ஸ்ட்ரோக்கில் அது கனெக்டிங் ராடுக்கே ஆபத்து.

பிட்ச் 1 அங்குலம் குறைந்தால் சுமார் 150–200 ஆர்.பி.எம். கூடும். ஆக, 4,200-இல் திணறும் எஞ்சினை 4,800-க்குக் கொண்டுவர 3 அங்குலமாவது குறைக்க வேண்டும். அவ்வளவு இடைவெளி இருந்தால் புரொப்பெல்லரைச் சந்தேகிக்கும் முன் பிளக், கார்புரேட்டர், படகின் அடிப்பாகம் மூன்றையும் பாருங்கள். இரண்டு சிலிண்டரில் ஒன்று அரைகுறையாக எரியும் எஞ்சினுக்குப் புதுப் புரொப்பெல்லர் வாங்கிப் பயனில்லை. அடியில் பாசியும் கொட்டலசும் (ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) பிடித்த படகில் எடுத்த அளவும் அப்படித்தான், துடைத்த மறுநாளே மாறிவிடும்.

அளவு எடுப்பதிலேயே பலர் சறுக்குகிறார்கள். காலிப் படகை எடுத்துப்போய் சோதிப்பது ஒன்று. எப்போதும் ஏற்றும் வலை, எரிபொருள், ஆட்கள் எல்லாம் இருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும். முழுச் சுமையில் வரம்பின் நடுப்பகுதியாவது வர வேண்டும், காலியாகத் திரும்பும்போது மேல் எல்லையைத் தாண்டக்கூடாது. இரண்டும் ஒரே புரொப்பெல்லரில் அமையவில்லையென்றால் சுமையோடு போகும் பயணத்துக்கே முதலிடம். காலியாக வரும்போது திராட்டிலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், சுமையோடு திணறும் எஞ்சினுக்கு அந்த வழி இல்லை.

மண்ணெண்ணெய் எஞ்சினில் இன்னொரு சிக்கல். பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவீர்கள். பெட்ரோலில் ஓடும்போதே அளவெடுத்தால் எண் கூடுதலாகக் காட்டும், ஏனென்றால் மண்ணெண்ணெயில் சக்தி குறையும். மாற்றிச் சில நிமிடம் ஓட்டிய பிறகு எடுங்கள். மண்ணெண்ணெயில் எஞ்சின் எளிதில் 'நாக்' அடிக்கும் (எரிபொருள் முறைதவறி வெடித்துத் தட்டும்) என்பதால் பெரிய பிட்ச் அதற்குக் கூடுதல் தண்டனை.

கைப்பிடி வைத்த சிறிய எஞ்சினில் ஆர்.பி.எம். மீட்டர் இருக்காது. பிளக் வயரில் சுற்றிக்கட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் போதும். ஆனால் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை பொறி அடிக்கிறது என்று அதில் சரியாக அமைக்க வேண்டும். ஒரே காயிலில் இரு பிளக்கும் ஓடும் சில எஞ்சின்களில் சுற்றுக்கு இருமுறை அடிக்கும். ஐட்லிங்கில் கையேடு சொல்லும் எண்ணைப்போல் இரு மடங்கு காட்டினால் அமைப்பு தவறு. காதால் கேட்டு ஆர்.பி.எம். சொல்லும் மேஸ்திரிகள் உண்டு, 300 ஆர்.பி.எம். வித்தியாசத்தைக் காது சொல்லாது.

வேகத்தை ஜி.பி.எஸ்.-ஸில் எடுங்கள், ஒரே தடத்தில் போகும்போதும் வரும்போதும். இரண்டின் சராசரியே நீரோட்டம் கழித்த வேகம். அதிலிருந்து வழுக்கலை, அதாவது பிட்ச் கணக்குப்படி வர வேண்டிய வேகத்தில் எத்தனை சதவீதம் குறைகிறது என்பதை, கணக்கிடலாம். 15 குதிரைத்திறன் எஞ்சின், கியர் விகிதம் 2.08 (எஞ்சின் 2.08 சுற்றினால் புரொப்பெல்லர் ஒரு சுற்று), பிட்ச் 9 என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 5,000 சுற்றினால் புரொப்பெல்லர் சுமார் 2,404. அதை 9 அங்குலத்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 550 மீட்டர், அதாவது 17.8 நாட். ஜி.பி.எஸ். 13 காட்டினால் வழுக்கல் 27 சதவீதம். சுமையோடு போகும் படகுக்கு இது பெரிய குறையல்ல. நீரின் மேல் தூக்கிச் சறுக்கும் லேசான படகில் 10–20 இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது பிளேடு கெட்டிருக்கிறது.

காற்று இழுப்பதைப் பலரும் 'கேவிட்டேஷன்' என்கிறார்கள். இரண்டும் வேறு. மேற்பரப்புக் காற்று புரொப்பெல்லருக்குள் புகுந்து எஞ்சின் திடீரென்று வீறிட்டால் அது காற்றிழுப்பு. அழுத்தம் குறைந்த இடத்தில் நீரே ஆவிக் குமிழாகி உடைந்து, பிளேடில் அம்மைத்தழும்பு போலக் குழி விழுந்தால் அதுதான் கேவிட்டேஷன். வளைந்த, நெளிந்த விளிம்பிலிருந்தே அது பெரும்பாலும் தொடங்கும். காற்றிழுப்புக்கு முக்கியக் காரணம் எஞ்சின் உயரம். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டு, படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ 1 அங்குலம் வரை மேலேயோ இருக்கட்டும். 15 அங்குலக் கால் உள்ள எஞ்சினை 20 அங்குலப் பின்பலகையில் மாட்டிவிட்டு எந்தப் புரொப்பெல்லர் வாங்கினாலும் அலையில் வீறிடத்தான் செய்யும். அளவுக்கு மீறித் தாழ்த்தினாலோ இழுவை கூடி வேகம் போகும். எஞ்சினின் சாய்வை நிர்ணயிக்கும் பின் கம்பியையும் கவனியுங்கள்: எஞ்சினின் கால் படகை விட்டு அதிகம் விலகியிருந்தால் அணியம் (படகின் முன்பகுதி) தூக்கும், திருப்பங்களில் காற்று புகும்.

அடுத்து, ஸ்டெயின்லெஸ் ஆசை. அது வளையாது, பிளேடும் மெல்லியது, வேகம் கொஞ்சம் கூடும் என்பதெல்லாம் உண்மை. பாறையோ பவளப்பாறையோ உள்ள மன்னார் வளைகுடா போன்ற இடத்தில் அந்த வளையாமையே வினை: அலுமினியம் என்றால் பிளேடு வளைந்து போகும், ஸ்டெயின்லெஸ்ஸில் அந்த அடி கியருக்கும் ஷாஃப்டுக்கும் போகும். ஒரு புரொப்பெல்லரின் விலையும் கியர்பாக்ஸின் விலையும் ஒன்றல்ல. பிடிமானம் வேண்டுமென்றால் நான்கு பிளேடு நல்ல வழி. மூன்றிலிருந்து மாறும்போது பிட்ச்சை 1 அங்குலம் குறைத்து எடுங்கள்.

வளைந்த பிளேடைச் சுத்தியலால் தட்டிச் 'சரி' செய்வது வழக்கமாகிவிட்டது. கண்ணுக்கு நேராகத் தெரிந்தாலும் மூன்று பிளேடும் ஒரே பிட்ச்சில் இருக்காது. அதிர்வு கிளம்பி ஷாஃப்ட் சீலையும் (நீர் புகாமல் தடுக்கும் வளையம்) பேரிங்கையும் தின்னும். சிறு பிசிறை மட்டும் அரத்தால் தேய்க்கலாம், மற்றதற்குப் பிட்ச் அச்சு உள்ள பட்டறைதான்.

ஆர்.பி.எம். எகிறுகிறது, படகு நகரவில்லை என்றால் குடத்துக்குள் இருக்கும் நடு ரப்பர் வழுக்குகிறதா என்று பாருங்கள். குடத்தின் உள்வளையத்திலிருந்து வெளிப்பகுதி வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு முழுத் திராட்டிலில் ஓட்டுங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது.

மாட்டும்போது முன்பக்கத் திரஸ்ட் வாஷரை மறப்பதும், அதைத் திருப்பிப் போடுவதும் அடிக்கடி நடக்கும். கழற்றும்போதே வரிசையைப் போட்டோ எடுத்துவையுங்கள். ஷாஃப்டின் பள்ளவரிகளில் (ஸ்ப்ளைன்) மரைன் கிரீஸ் தடவாமல் மாட்டினால் உப்பில் இறுகி அடுத்தமுறை கழறாது. நட்டைப் பூட்டும் ஸ்ப்ளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. ஷியர் பின் உள்ள சிறு எஞ்சினில் பின் முறிந்ததும் ஆணியை வெட்டிச் சொருகுபவர்கள் உண்டு. பின் முறிவதே கியரைக் காப்பாற்றத்தான். ஆணி முறியாவிட்டால் முறிவது கியர். புரொப்பெல்லரைத் தொடும் முன் நியூட்ரலில் வைத்து, எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை எடுத்து, பிளக் தொப்பியையும் கழற்றிவிடுங்கள்.

வலைத் தொழிலில் நைலான் இழை புரொப்பெல்லருக்குப் பின்னால் ஷாஃப்டில் சுற்றிக்கொள்வதை யாரும் தடுக்க முடியாது. மாதம் ஒருமுறையாவது கழற்றி எடுங்கள். சுற்றிய இழை சூடேறி சீலை அறுத்தால் கடல்நீர் உள்ளே போகும். கியர் ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால், அடுத்த பயணத்துக்கு முன் சீலை மாற்றியாக வேண்டும்.