கார் விற்ற தவணைப் பாக்கியை வாங்குவது எப்படி

பழைய காரைத் தெரிந்தவருக்குப் பத்துத் தவணையில் விற்றேன். நான்கு வந்தது; அப்புறம் "அடுத்த மாசம்" என்ற பதில்தான். தினமும் போன் போட்டுக் கெஞ்சியது என் தப்பு. போன் பேச்சுக்குச் சாட்சி ஏது?

எழுத்துக்கு மாறுங்கள். "ஆறு தவணை பாக்கி, எப்போது தருவீர்கள்?" என்று ஒரு மெசேஜ். "தந்துடறேன், கொஞ்சம் பொறுங்க" என்று அவர் பதில் போட்டால், கடனை அவரே ஒப்புக்கொள்கிறார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வங்கியில் வந்த வரவுகளையும் வராத தவணைகளையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுங்கள். எனக்குக் கைகொடுத்தது அந்தத் தாள்தான்.

பிறகு ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்து ஒரு கடிதம்: மொத்தப் பாக்கி, கடைசித் தேதி, தவறினால் வழக்கு. திட்டு வேண்டாம், நாளைக்கு நீதிபதியும் படிக்கக்கூடும். தவணையைக் குறைக்கச் சொன்னால் சரி என்னலாம், புதிதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு.

மாற்றுச் சாவி இருக்கிறதே என்று வண்டியை ஓட்டி வந்துவிடாதீர்கள். பெயர் மாற்றிக் கொடுத்திருந்தால் திருட்டுப் புகார் உங்கள் மேல் வரலாம். எனக்கும் ஆசை வந்தது. சாவி இன்னும் டிராயரில்தான் கிடக்கிறது. வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, அதை வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.