பெயரைக் குத்தகைக்கு விடுங்கள், கிரயம் எழுதிக் கொடுக்காதீர்கள்: மலைக் கல்லூரி வீரர்களுக்கான விளம்பர ஒப்பந்த வழிகாட்டி

கல்லூரி வீரர் தன் பெயரால் சம்பாதிக்கலாமா? சம்பாதிக்கத்தான் வேண்டும். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் குளிரில் ஓடியவர் அவர்; அந்த ஓட்டத்தைக் காட்டித் தேயிலைத் தூள் விற்றால் அதில் அவருக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இதற்கு வழிவிட்டதே 2021 ஜூலை 1 அன்றுதான். நம் ஊரில் பிள்ளைகள் ஏமாறுவது பெரும்பாலும் வாய்வார்த்தையை நம்பி.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தன் பெயரையும் பாணியையும் அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் தன் பெயரைப் பிறர் பயன்படுத்துவதைத் தடுக்கும் அந்த உரிமை, பார்த்ததும் ஊரே அடையாளம் காணும் பிரபலங்களுக்குத்தான் எளிதில் கைகொடுக்கும். குன்னூரில் படிக்கும் 800 மீட்டர் வீராங்கனைக்கு வேலி, அவர் கையெழுத்திடும் தாள் மட்டுமே.

பேச்சைத் தொடங்கும் முன் கல்லூரி உடற்கல்வி இயக்குநரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். கல்லூரிச் சின்னமும் ஜெர்சியும் படத்தில் வரலாமா? உதவித்தொகை அல்லது விளையாட்டு விடுதியின் நிபந்தனை எதையாவது தடுக்கிறதா? சின்னம் கல்லூரியின் சொத்து. சந்தேகமிருந்தால் வெற்று டி-ஷர்ட்டில் படம் எடுங்கள். வயது 18 நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அப்பாவோ அம்மாவோ காப்பாளராகக் கையெழுத்திடட்டும். 18 முடிந்ததும் புதிதாக எழுதுங்கள்.

ஒப்பந்தத்தின் உயிர் ஒரே பத்தியில் இருக்கிறது. அதை இப்படி எழுதலாம்: "வீரரின் பெயரையும், இணைப்பில் உள்ள இரண்டு புகைப்படங்களையும், கடையின் வாசல் பலகையிலும் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் மட்டும், தேயிலைத் தூள் விளம்பரத்துக்காக, ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை பயன்படுத்தலாம். வேறு பொருளுக்கோ வேறு நிறுவனத்துக்கோ இந்த அனுமதியை மாற்றித் தரக் கூடாது. காலம் முடிந்த 15 நாளுக்குள் அனைத்தையும் அகற்ற வேண்டும்." எந்தப் படம், எங்கே, எந்தப் பொருளுக்கு, எதுவரை என்ற நான்கில் ஒன்று விடுபட்டாலும் குத்தகை கிரயமாகிவிடும். "நிரந்தரமாக", "எல்லா ஊடகங்களிலும்" என்ற சொற்களைக் கண்டால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். "வேறு எந்த நிறுவனத்துக்கும் நடிக்கக் கூடாது" என்பதை "வேறு தேயிலை நிறுவனத்துக்கு" என்று சுருக்குங்கள். இல்லாவிட்டால் நாளை ஒரு ஷூ நிறுவனம் வந்தாலும் கை கட்டப்பட்டிருக்கும்.

அரசு வேலையில் சேர்ந்தால் ஒப்பந்தம் தானே முடியும் என்றும் ஒரு வரி சேருங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் காவல் துறைக்கோ ரயில்வேக்கோ ராணுவத்துக்கோ போகிறவர்களுக்கு, வெளி வருமானத்தில் நடத்தை விதிகள் குறுக்கிடும்.

பணத்தில் பாதி முன்பணம், மீதி குறிப்பிட்ட ஒரு தேதியில். "படப்பிடிப்பு முடிந்ததும்" என்று எழுதாதீர்கள். நீலகிரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும், கொடைக்கானலில் அக்டோபரிலிருந்தும் மழையும் மூடுபனியும் படப்பிடிப்பைத் தள்ளிக்கொண்டே போகும். பணமும் கூடவே தள்ளிப்போகும். சோலைக் காட்டுக்குள் படம் எடுப்பதானால் வனத்துறை அனுமதியை வாங்குவது கடைக்காரர் பொறுப்பு என்று எழுதிவிடுங்கள். கையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலோடு நிற்காதீர்கள்; இரண்டு மலைகளிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு, பழி படத்தில் இருப்பவர் மேல்தான் விழும்.

தொகையை வங்கிக் கணக்கில் வாங்குங்கள். பான் எண் இல்லையென்றால் வரியாக 10 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். ஷூ, சைக்கிள் என்று பொருளாகக் கிடைத்தாலும் வருமானம்தான். பெரிய நிறுவனம் தரும் பொருள்களின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் அதற்கும் 10 சதவீத வரிப் பிடித்தம் உண்டு. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால், ரிட்டர்ன் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்பப் பெறலாம்.

எதற்குப் பேசுகிறீர்கள் என்பதில் கண்டிப்பாக இருங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறான விளம்பரத்தில் தோன்றுபவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். "இந்தத் தைலம் மூட்டுவலியைக் குணமாக்கும்" என்ற வசனம் வந்தால் மறுத்துவிடுங்கள். பணம் வாங்கிப் போடும் பதிவில் "விளம்பரம்" என்று தெளிவாகத் தெரிய வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளின் விளம்பரத்தை 2025-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. மிக ஆபத்தானது புரோட்டீன் பவுடர்தான். ஊக்கமருந்துச் சோதனையில் தடை செய்யப்பட்ட பொருள் உடலில் இருப்பதே குற்றம். டப்பாவில் கலந்திருந்தது தெரியாது என்பது விடுதலை வாங்கித் தராது. விளம்பரம் செய்தாலும் அதைச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இருக்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

கேட்காமலே யாராவது "வாழ்த்துகள்" ஃப்ளெக்ஸில் உங்கள் படத்தையும் தங்கள் கடைப் பெயரையும் போட்டால்? 2021-ல் டோக்கியோ வெண்கலத்துக்குப் பின், பி.வி. சிந்து தரப்பு இப்படிச் செய்த நிறுவனங்கள்மீது சட்ட நடவடிக்கையில் இறங்கியது. நீங்கள் தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்து, 7 நாளில் அகற்றவோ கட்டணம் பேசவோ கேட்டுப் ஸ்பீடு போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பல கடைக்காரர்கள் அப்போதுதான் பேச வருவார்கள்; மேலே உள்ள பத்தியைத் தயாராக வைத்திருங்கள்.

உதவித்தொகையில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போகிறவர்கள், எஃப்-1 எனும் மாணவர் விசாவில் அங்கே விளம்பர வேலை செய்தால் விசாவே பறிபோகலாம். அங்குள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம்.