சூடு தெரியாத காலோடு வீட்டுக்குள் வாழ்வது எப்படி

திசையன்விளைப் பக்கம் பனையேறிக்கொண்டிருந்தவன் நான். விழுந்து 12 வருஷமாகிறது. தண்டுவடத்தில் அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர்களிடம் எல்லாரும் முதலில் வாசலில் சக்கர நாற்காலி ஏறி இறங்கச் சரிவு கட்டுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். அதுவும் வேண்டும். ஆனால் என்னை அதிகம் காயப்படுத்தியது வாசப்படி இல்லை, சூடுதான்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம், அம்மா வெந்நீர் வாளியை வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் எடுக்கப் போனாள். அதற்குள் நான் ஒரு செம்பு மொண்டு காலில் ஊற்றிவிட்டேன். ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரிந்தது. புண் ஆற நாலு மாதம் பிடித்தது.

அதனால் எங்கள் வீட்டில் வாளிக்குள் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகுதான் வெந்நீர். விளாவியதும் நானே முழங்கையை விட்டுப் பார்ப்பேன். கீசர் வைத்திருந்தால் சூட்டைக் குறைத்து வையுங்கள். 60 டிகிரித் தண்ணீர் ஐந்தாறு விநாடியில் தோலை வேக வைத்துவிடும். கருப்பட்டிக் காப்பி டம்ளரைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு சக்கரத்தை உருட்டாதீர்கள். சார்ஜ் ஏறும் போனை மடியில் போடாதீர்கள். முற்றத்து வெயிலில் நின்ற நாற்காலியில் கையால் தொட்டுப் பார்க்காமல் உட்காராதீர்கள். கட்டிலுக்கடியில் கொசுவத்தி வேண்டவே வேண்டாம். கொசுவலையை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுங்கள்; எலி காலைக் கடித்தாலும் நமக்குத் தெரியாது.

கட்டில் விஷயம் சொல்ல வேண்டும். நானே நார் கிழித்துப் பின்னிய பனைநார்க் கட்டில் இருந்தது. அதை விட எனக்கு மனசே வரவில்லை. ஆனால் நடுவில் தொய்ந்துவிடும், நார் முதுகை அறுக்கும், தொய்வுக்குள்ளிருந்து நாற்காலிக்கு மாறவும் முடியாது. இப்போது பலகைக் கட்டிலும் கனமான மெத்தையும்தான். மெத்தையின் உயரமும் நாற்காலி இருக்கையின் உயரமும் ஒன்றாக இருக்கட்டும். உயரம் போதாவிட்டால் செங்கலை அண்டக் கொடுக்காதீர்கள், நகர்ந்துவிடும். ஆசாரியிடம் சொல்லிக் கட்டில் கால்களை உயரமாக்குங்கள்.

கக்கூஸில் கைப்பிடிக் கம்பியைப் பழைய மண்சுவரில் அடிக்காதீர்கள். எங்கள் வீட்டில் இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அப்புறம் இரும்புக் குழாயைத் தரையில் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு நட்டோம். ஒன்றரை அங்குலக் குழாய் கைக்கு நன்றாக அடங்கும். காய்ந்த பிறகு உடம்பு கனத்த ஒருவரைத் தொங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, வாசல் சரிவு. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம். எங்கள் திண்ணை ஒன்றரை அடி என்பதால் 18 அடி தேவைப்பட்டது. தெருவில் இடமில்லை, சுவரை ஒட்டித் திருப்பினோம். திரும்பும் இடத்தில் 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். ஓரத்தில் சக்கரம் இறங்காதபடி சின்னத் திட்டு கட்டுங்கள். சிமெண்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாறால் குறுக்கே கோடு இழுத்துவிட்டால் மழையில் வழுக்காது.

இரவு படுக்கும் முன் கைக்கண்ணாடி வைத்து உட்காரும் இடம், இடுப்பு, குதிகால் எல்லாம் பாருங்கள். முதுகுப் பக்கத்தை வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். எங்காவது சிவந்து, அரை மணி நேரமாகியும் மாறாவிட்டால், அது போகும்வரை அந்த இடத்தை அழுத்தி உட்காரவோ படுக்கவோ கூடாது. தோல் உரிந்திருந்தால் மறுநாள் காலையிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.