இளைப்பு உள்ளவர்கள் கூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சு இளைப்பு உள்ளவர்களுக்கான எங்கள் குழுவின் முதல் கூட்டத்தைக் குத்துவிளக்கேற்றித் தொடங்கினோம். நல்ல காரியத்தை அப்படித்தானே தொடங்குவோம். முன்வரிசையில் ஒரு பெரியவர் மூக்கில் குழாயும் பக்கத்தில் சின்ன ஆக்சிஜன் சிலிண்டருமாக உட்கார்ந்திருந்தார். விளக்கு அவரிடமிருந்து நான்கடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நர்ஸ் அக்கா ஓடிவந்து அணைத்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் எது எரிந்தாலும் அதை மிக வேகமாக எரியவைக்கும். குழாய் போட்டிருப்பவரின் சட்டையிலும் துண்டிலும் தலைமுடியிலும் அது தங்கியிருக்கும். விளக்கு, கற்பூரம், அடுப்பு, பீடி என்று சுடரோ நெருப்போ எதுவானாலும் குறைந்தது பத்தடி தள்ளியே இருக்க வேண்டும். இப்போது நாங்கள் விளக்கே வைப்பதில்லை. ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவர்த்தி, ரூம் ஸ்ப்ரே, அன்று காலையில் ஊற்றிக் கழுவிய ஃபினாயில் எல்லாவற்றுக்கும் தடை. உறுப்பினர்களிடம் சென்ட் அடிக்காமல் வரச் சொல்லிவிடுகிறோம்.

நான் இதற்குள் வந்தது அப்பாவால். கோவையில் முப்பது வருடம் பஞ்சாலையில், பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் இருந்தது. மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று முழுதாக வெளியேற முடியாமல் தேங்கும் சிஓபிடி நோய் அவருக்கு. குழுவில் ஆஸ்துமாக்காரர்கள் இருக்கிறார்கள். காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தழும்போடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள்கூட புகைபிடிக்காமல், விறகடுப்பு முன்னால் உட்கார்ந்தே நுரையீரல் கெட்டுப்போன அம்மாக்களும் இருக்கிறார்கள். புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் எங்கள் தவறுகளைத் திரும்பச் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மாடி ஹாலை ஒத்துக்கொள்ளாதீர்கள். இருபது படி ஏறி வந்தவருக்குப் பேச்சு வர பத்து நிமிடம் ஆகும். சிலர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். கைப்பிடி உள்ள நாற்காலி போடுங்கள். இளைக்கும்போது முன்னால் குனிந்து கையை ஊன்றிக்கொண்டால்தான் இவர்களுக்கு மூச்சு சுலபமாக வரும். காலை ஏழு மணிக்குக் கூட்டம் வைப்பதும் தவறு. எழுந்து, சளியைத் துப்பி, மருந்து இழுத்து, குளித்து முடிக்கவே இவர்களில் பலருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். பதினொரு மணி சரியாக இருக்கிறது. மார்கழிப் பனியிலும் போகிப் புகை இருக்கும் வாரத்திலும் போனில் பேசுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்தது, விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். கொரோனாவுக்குப் பிறகு நிறையப் பேர் வீட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு கூட்டத்தில் அதைப் பந்தி பரிமாறுவதுபோல் வரிசையாகக் கைமாற்றினோம். ஒருவருக்கு 90 காட்டியதும் பக்கத்தில் இருந்தவர் பதறிப்போய், அவருக்கு ஆக்சிஜன் தரும் கான்சன்ட்ரேட்டர் இயந்திரத்தை நிமிடத்துக்கு ஒரு லிட்டரிலிருந்து நான்குக்குத் திருப்பினார். அன்பினால் செய்ததுதான், ஆனால் ஆபத்தானது. முற்றிய சிஓபிடி உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் உடம்பில் கரியமில வாயு ஏறிவிடும். தூக்கக் கலக்கமும் குழப்பமும் வந்து நினைவே தப்பலாம். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கே 88 முதல் 92 வரைதான். ஆக்சிஜனும் மருந்து, எழுதிக் கொடுத்த அளவை மருத்துவர் மட்டுமே மாற்ற வேண்டும். நெயில் பாலிஷ் போட்ட விரலிலும் சில்லிட்ட விரலிலும் மீட்டர் தப்பாகக் காட்டும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இன்ஹேலர்தான். முதலில் ஒரு மருத்துவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் பேச வைத்தோம். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம், “நீங்க எப்படி எடுக்கறீங்கன்னு காட்டுங்க” என்று ஒவ்வொருவராகக் கேட்டபோதுதான் உண்மை தெரிந்தது. குலுக்காமலே அழுத்துகிறார்கள். வாயில் அழுத்திவிட்டு மூக்கால் இழுக்கிறார்கள். கருவியில் போட்டு உள்ளே இருக்கும் பொடியை இழுக்க வேண்டிய ரோட்டாகேப் மாத்திரையை ஒரு பாட்டி இரண்டு மாதமாகத் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருந்தார். யாரும் அவருக்குச் செய்து காட்டவில்லை.

பம்ப் வகையை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, அழுத்தும்போதே மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பொடி வகைக்கு நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும், கருவிக்குள் ஊதிவிடக் கூடாது. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தால் குழம்பாமல் என்ன செய்வார்? ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர் என்றால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். ஆகவே பேச்சைக் குறையுங்கள், செய்து காட்டச் சொல்லுங்கள். “எனக்கு இது நல்லா கேட்குது, நீங்களும் ரெண்டு பஃப் அடிங்க” என்று யாராவது தன்னுடையதை நீட்டினால் உடனே தடுத்துவிடுங்கள். “பஃப் பழகிட்டா விட முடியாது” என்ற பயத்தை மெல்ல மெல்லத்தான் கரைக்க முடியும். நன்றாக இருக்கிறதே என்று தினசரி மருந்தை நிறுத்தியவர்கள்தான் எங்கள் குழுவில் அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள்.

“நீங்க உட்காருங்கப்பா, நாங்க பாத்துக்கறோம்.” அப்பாவிடம் நான் பல வருடம் சொன்ன வார்த்தை இது. உட்கார்ந்தே இருந்தால் கால் தசை வற்றும். வற்றிய தசை அதிகக் காற்று கேட்கும். அதனால் இன்னும் இளைக்கும். இப்போது மருத்துவரிடம் கேட்டு வந்தவர்களைச் சேர்ந்து நடக்க வைக்கிறோம், குழுவிலேயே மெதுவாக நடப்பவரின் வேகத்தில். ஒரு வாக்கியம் பேசும் அளவுக்கு மூச்சு மிஞ்சியிருக்க வேண்டும். மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணி, சூடான காபியை ஆற்றுவதுபோல் விடச் சொல்கிறோம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்த வேண்டும். பலூன் ஊதும் போட்டி, மூச்சிழுத்துப் பந்தை மேலே எழுப்பும் மூன்று பந்துக் கருவியில் யார் அதிக நேரம் நிறுத்துவது என்ற பந்தயம், மூச்சை அடக்கும் கும்பகம் கற்றுத்தருகிறேன் என்று வருபவர்கள் இவற்றுக்கு இடம் கொடுக்காதீர்கள். சிஓபிடியில் சிக்கலே காற்று வெளியே போகாததுதான்.

சளி காய்ச்சல் இருப்பவர் அந்த மாதம் வர வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். மூலிகைப் பொடி விற்க வருபவருக்கு மைக் கொடுக்காதீர்கள். இன்னும் பீடியை விட முடியாதவரைக் கூட்டத்தில் வைத்துக் குத்திக்காட்டவும் வேண்டாம். ஒருவரை அப்படிப் பேசிவிட்டோம், அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. எங்கள் கையைவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இரண்டு மாதம் ஒருவர் வரவில்லை என்றால் போன் செய்யுங்கள். எடுத்ததும் “என்ன ஆச்சு, ஏன் வரலை” என்று ஆரம்பிக்காதீர்கள். நீளமாகப் பதில் சொல்ல அவருக்கு மூச்சு இருக்காது. “மாத்திரை இருக்குங்களா? காய்ச்சல் அடிக்குதுங்களா? நாங்க வரட்டுங்களா?” என்று ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருங்கள்.